சிவப்புக் கோடு போட்ட பாஸ்

பொலிஸ் சார்ஜன் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்கு வந்து நின்ற நேரம் பார்த்து, சோலைமலை தண்ணீர்ப் பீலியடியில் தலை நிறையச் சவர்க்காரத்தோடு குந்தியிருந்தான். கண்ணைத் திறக்க முடியவில்லை. காது மட்டும் வேலை செய்தது.

"இங்க சோலைமலைனு ஆள் இருக்கா?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார் சார்ஜன்.

பக்கத்துக் காம்பிரா வீட்டுக் காளியாயி விறகை இறக்கி வைத்துவிட்டு நிதானமாகப் பதில் சொன்னாள்.

"அப்படி ஒருத்தரும் இங்க இல்லீங்க மாத்தியா."

"நல்லா தெரியுமா?"

"நான் வாக்கப்பட்டு வந்து முப்பத்தெட்டு வருசம். அந்தப் பேர இன்னைக்குத்தான் காதால கேக்குறேன்."

சார்ஜன் காகிதத்தில் எதையோ எழுதினார். மோட்டார் சைக்கிள் உறுமியது. சோலைமலை ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துவிட்டு, ஈரச் சாரத்தை இடுப்போடு பிடித்துக்கொண்டு ஓடி வருவதற்குள் சைக்கிள் கோயில் வளைவைத் தாண்டிவிட்டது.

"யக்கா! என்ன காரியம் பண்ணீங்க?"

"ஒன்ன காப்பாத்துனேன்டா. ஒரு நன்றி உண்டா? லொறிய எங்க கொண்டு போயி இடிச்ச?"

"எங்கயும் இடிக்கல! அவரு பாஸுக்கு விசாரிக்க வந்தாரு!"

"அத மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? சொல்லிருந்தா ரெண்டு வார்த்த நல்லதா சொல்லிருப்பேன்ல?"

காளியாயியைக் குற்றம் சொல்லிப் புண்ணியமில்லை. லயத்தில் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. காக்கி உடுப்பு வந்து ஒரு பேரைச் சொன்னால், அந்தப் பேரில் அங்கே ஆள் கிடையாது. அரசாங்கத்துச் சட்டமெல்லாம் ஆண்டுக்கு ஒரு தரம் மாறும். இது மாறாது.

சோலைமலை ஏன் முன்கூட்டியே யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டால், அதற்கு ஒரே காரணம் எதிர்லயத்துத் துஷாந்த். அவனுக்குத் தெரிந்துவிடக்கூடாது. அவன் கழுத்தில் தொங்குகிற சாமான் தன் கழுத்துக்கு வந்து சேரும்வரை, அவனுக்கு மூச்சுக்கூடக் கேட்கக்கூடாது.

அந்தச் சாமான்தான் பாஸ். நோர்வூட் கடைவீதியில் உரமும் பூச்சிமருந்தும் விற்கிற தம்பையா முதலாளியிடம் இரண்டு லொறிகள், இரண்டு ட்ரைவர்கள். சோலைமலைக்குச் சின்ன லொறி. நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா என்று பக்கத்துத் தோட்டங்களுக்கு மூட்டை இறக்கிவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்து சோறு தின்பான். துஷாந்துக்குப் பெரிய லொறி. கொழும்புத் துறைமுகத்துக்குள்ளே, ஆபத்தான சரக்கு வைக்கிற யார்டுக்குள்ளே போய் மருந்து பீப்பாய் ஏற்றி வருவான்.

அந்த யார்டுக்குள் கண்டவன் காலடி வைக்க முடியாது. நஞ்சு, அமிலம், தீப்பிடிக்கிற சாமான் எல்லாம் அங்கேதான் கிடக்கும். பொலிஸ் விசாரித்து, கிராம சேவகர் எழுதிக் கொடுத்து, பத்து விரல் ரேகை எடுத்து, ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து பரீட்சை எழுதி, கடைசியில்தான் சிவப்புக் கோடு போட்ட அந்தப் பாஸ் கிடைக்கும். படத்துக்குக் கீழே பேர், பேருக்குக் கீழே தடித்த சிவப்புக் கோடு, எல்லாவற்றையும் கோத்து நீல நாடா.

துஷாந்த் அதைக் கழற்றியதை யாரும் பார்த்ததில்லை. கல்யாண வீட்டில் கோட்டுக்கு மேலே தொங்கும். தேர்த் திருவிழாவில் வெற்றுமேனியில் திருநீற்றுக்கு மேலே தொங்கும். சலூனில் முடிவெட்டும்போது, போர்த்திய துணிக்கு மேலே எடுத்துப் போட்டுக்கொள்வான். ஒருநாள் பீலியில் குளிக்கும்போதே சோலைமலை பார்த்தான். பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டிருந்தான் படுபாவி.

அதுகூடப் பரவாயில்லை. துஷாந்த் பிள்ளைக்குக் காது குத்தினபோதுதான் சோலைமலைக்கு வயிறு பற்றி எரிந்தது. தகப்பன் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டான். யார்டுக்குள் போகிறவன் போனை வாயிலிலேயே கொடுத்துவிட வேண்டும் என்பது விதி, ஆகவே போனும் கிடையாது. ஊர் முழுக்க ஒரு நாள் காத்திருந்தது. "ஹாபர்ல விடலயாம்," "அவர் இல்லாம அங்க வேல ஓடாதாம்" என்று ஆளாளுக்குப் பேசினார்கள். மறுநாள் சாயந்திரம் அவன் செக்கச் சிவந்த கண்ணோடு வந்து இறங்கியதும் மேளம் அடித்தார்கள்.

"நம்ம புள்ளைக்குக் காது குத்துனப்ப நான் விடியக்காலைலயே வந்து நாக்காலி அடுக்குனேன். ஒரு நாயாவது கேட்டுச்சா?" என்று அன்று ராத்திரி மனைவி தனுஜாவிடம் பொருமினான்.

"நாக்காலி அடுக்குனதுக்கு மேளமா அடிப்பாங்க?" என்றாள் தனுஜா. பிறகு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "இருந்தாலும் அந்த நீல நாடா துஷாந்துக்கு எடுப்பாத்தான் இருக்கு."

போதாதா?

எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது போன சித்திரையில் நடந்த கூத்து. பெரிய லொறிக்குத் துணையாகச் சோலைமலையையும் முதலாளி கொழும்புக்கு அனுப்பிவைத்தார். பாஸ் இல்லாதவனுக்கு வாயிலில் ஒரு வெள்ளைச் சீட்டு கொடுப்பார்கள். வெள்ளைச் சீட்டுக்காரன் உள்ளே இருக்கிற நேரம் முழுக்கச் சிவப்புக் கோட்டுக்காரனின் கண்பார்வையை விட்டு அகலக்கூடாது. சோலைமலைக்கு வயிறு கலக்கியது. கக்கூசுக்கு ஓடினான். துஷாந்த் பின்னாலேயே ஓடி வந்து கதவுக்கு வெளியே நின்றான்.

"அண்ணே, சத்தம் குடுத்துக்கிட்டே இருங்க."

"என்னடா சத்தம்?"

"உள்ள இருக்கீங்கன்னு எனக்குத் தெரியணும்ல? ரூல்ஸ்ணே. எதாவது பாட்டு பாடுங்க."

சோலைமலை பாடினான். வேறு வழி? மறுநாளே நோர்வூட் கடைவீதி முழுக்க அந்தக் கதை போய்விட்டது. பேக்கரிக்காரன் பணிஸ் சுற்றிக் கொடுக்கும்போது, "எந்தப் பாட்டுண்ணே?" என்று கேட்டான். அன்றைக்கு முடிவு பண்ணினான் சோலைமலை. பாஸ் எடுத்தே தீருவது.

முதலாளியிடம் போய் நின்றான்.

தம்பையா முதலாளி மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தார். "பாஸா? ஒனக்கா? நெசமாத்தான் கேக்குறியா?"

"ஏன் முதலாளி, நான் எடுக்கக்கூடாதா?"

"எடு எடு, நல்லா எடு. ஆனா ஒண்ணு. நம்ம மாதிரி சின்னக் கம்பெனிக்கு ஒரே ஒரு சிவப்புக் கோடுதான் குடுப்பாங்க. ஒனக்கு வந்துச்சின்னா துஷாந்த் அவன் பாஸ திருப்பிக் குடுத்துறணும்."

சோலைமலையின் காதில் தேன் பாய்ந்தது. தனக்குக் கிடைப்பது ஒரு சந்தோசம் என்றால், அவன் கழுத்திலிருந்து கழற்றுவது ஒன்பது சந்தோசம். முதலாளி அதற்குப் பிறகு, "மூணு வருசத்துக்கு ஆள மாத்தவும் முடியாது" என்று ஏதோ சொன்னார். சோலைமலை அதற்குள் படியிறங்கிவிட்டான்.

இப்படி ரகசியமாக ஆரம்பித்த காரியத்தில்தான் காளியாயி மண்ணள்ளிப் போட்டாள். "குறிப்பிட்ட விலாசத்தில் அப்படி ஒருவர் இல்லை" என்று அறிக்கை போய்விட்டால் எல்லாம் முடிந்தது. சோலைமலை ஈரத் தலையோடு பொலிசுக்கு ஓடி, சார்ஜனின் கையைக் காலைப் பிடித்து, மறுநாள் இன்னொரு தரம் வருவதாக ஒப்புக்கொள்ள வைத்தான். திரும்பி வந்து லயத்தைக் கூட்டினான்.

"நாளைக்கு அவரு வருவாரு. என்னயத் தெரியும்னு சொல்லுங்க. நல்லவன்னு சொல்லுங்க. அவ்வளவுதான். துஷாந்துக்கு மட்டும் தெரிய வேணாம்."

"அத எங்கிட்ட விடு," என்றாள் காளியாயி. தான் செய்த தவறைச் சரிக்கட்ட வேண்டும் என்ற வேகம் அவளுக்கு.

மறுநாள் சார்ஜன் வந்து பார்த்தால், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டில் நிற்கிற மாதிரி இருபத்திரண்டு பேர் வரிசையாக நிற்கிறார்கள். சோலைமலை என்று அவர் வாயைத் திறக்கும் முன்பே முதல் ஆள் ஆரம்பித்தான்.

"சோலைமலை ரொம்ப நல்லவருங்க. சின்ன வயசுலருந்து தெரியும். குடிக்க மாட்டாரு."

இரண்டாவது ஆளும் அதையேதான் சொன்னான். மூன்றாவதும் அதேதான். பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை ஒன்று, "சின்ன வயசுலருந்து தெரியும்" என்றது.

சார்ஜன் பேனாவை மூடினார். "நேத்து ஒருத்தருக்கும் தெரியாது. இன்னைக்கு எல்லாருக்கும் சின்ன வயசிலருந்து தெரியும். என்ன விசயம்?"

நிலைமை கைமீறுவதைக் கண்டு காளியாயி முன்னுக்கு வந்தாள். "தங்கமான புள்ள மாத்தியா. அந்த மரம் வெட்டுன கேஸ்லகூட அவன் பேரு வரல."

"எந்த மரம் வெட்டின கேஸ்?"

இருபத்திரண்டு பேரில் நான்கு பேர் மெதுவாகப் பின்னுக்கு நகர்ந்தார்கள். சோலைமலை தலையில் கைவைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான்.

சார்ஜன் கெட்டவரில்லை. மரக்கதையைக் காதில் போட்டுக்கொள்ளாதவராக இருந்துவிட்டு, படிவத்தைப் புரட்டி ஒரு இடத்தைக் காட்டினார். சந்தேகம் வந்தால் அதற்கும் விதி இருக்கிறது. ஏற்கெனவே சிவப்புக் கோட்டுப் பாஸ் வைத்திருக்கிற ஒருவர், இவரை எனக்குத் தெரியும், நான் பொறுப்பு என்று கையெழுத்துப் போட வேண்டும்.

"அப்படி ஆள் யாரும் இங்க இருக்கா?" என்றார்.

இருபத்திரண்டு விரலும் ஒரே நேரத்தில் எதிர்லயத்தைக் காட்டின.

துஷாந்த் பகல் பதினொரு மணிக்குக் கம்பளி போர்த்திப் படுத்திருந்தான். பாஸ் கம்பளிக்கு மேலே கிடந்தது. பகலில் துரைமாதிரித் தூங்குகிறான் பார், என்று அந்த நேரத்திலும் சோலைமலைக்கு வயிறெரிந்தது. அவன் மனைவி ரூபிகா தட்டி எழுப்பிவிட்டுப் பிளேன்டீ போடப் போனாள்.

படிவத்தை வாசித்த துஷாந்தின் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. படுக்கையில் எழுந்து உட்கார்ந்தான். நாடாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே... எங்கழுத்துக்கே வர்றீங்களேண்ணே."

"அப்படியெல்லாம் இல்ல தம்பி..."

"இது சும்மா வெளயாட்டில்லண்ணே. பெரிய பொறுப்பு. ஒங்களால முடியாது. ஒங்களுக்கு மத்தியானம் வீட்டுச் சோறு வேணும், பக்கத்துத் தோட்டம் வேணும். இதெல்லாம் தைரியம் உள்ளவனுக்குள்ள வேல."

"எனக்குத் தைரியம் இல்லயா?"

"கக்கூசுலயே பயந்து பாட்டு பாடுன ஆளு நீங்க."

"நீதானடா பாடச் சொன்ன!" என்று சீறிய சோலைமலை, கையெழுத்து ஞாபகம் வந்ததும் குரலை இறக்கினான். கெஞ்சினான். கெஞ்சிக் கெஞ்சி ஒரு வாரம் நடந்தான். துஷாந்த் ஒருநாள் யோசிக்கிறேன் என்பான், ஒருநாள் பேனா இல்லை என்பான், ஒருநாள் பெருமூச்சு மட்டும் விடுவான். போகிற வழியில் பிடித்தால், "அடுத்தவன் எலையில கை வக்கிறது பாவம்ணே" என்பான். எட்டாம் நாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான்.

சோலைமலைக்கு அந்தக் கண்ணீரைப் பார்த்ததும் உள்ளம் குளிர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்து இரண்டு கோப்பை தேத்தண்ணீர் கூடுதலாகக் குடித்தான்.

"அழுதுட்டான் தனுஜா! கண்ணுல தண்ணி!"

"அடுத்தவன் அழுதா ஒங்களுக்கு என்னங்க அப்படியொரு சந்தோசம்? தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத்தடைன்னு அலையிறீங்க."

"மூக்கா? என் மூக்குக்கு என்ன கொறச்சல்?"

அடுத்தது விரல் ரேகை. அட்டனில் விடியற்காலை பஸ் ஏறிக் கொழும்பில் இறங்கி, பாஸ் கொடுக்கிற கந்தோரில் வரிசையில் நின்று, கண்ணாடிப் பெட்டி மேலே பத்து விரலையும் வைத்தான். மெசின் சிவப்பாய் எரிந்தது. திரும்ப வைத்தான். திரும்பவும் சிவப்பு. பதினெட்டு வருசம் உர மூட்டை தூக்கிய கை. ரேகையெல்லாம் தேய்ந்துபோயிருந்தது.

"ரெண்டு கிழமை, பதினாலு நாள் கழிச்சு வாங்க," என்றாள் அங்கிருந்த பெண்.

ஊருக்கு வந்ததும் துஷாந்த் லொறி டயரில் சாய்ந்தபடி கேட்டான். "ரேக விழலயாண்ணே? எனக்கும் மொத தடவ விழல. நல்லெண்ண தேச்சு, கையுற போட்டு, ரெண்டு கெழம ஒரு வேலையும் செய்யாம இருங்க. தன்னால வந்துரும்."

சோலைமலை மனசுக்குள் சிரித்துக்கொண்டான். யாருக்கடா கதை விடுகிறாய்? இவன் நல்லெண்ணெய் என்றால் நல்லெண்ணெய் ஆகாது என்று அர்த்தம். தேய்ந்த அரிவாளைத் தீட்டினால்தானே கூர் வரும்? ரேகையும் அப்படித்தான் என்று அவனுக்குப் பட்டது. தினமும் பீலியடிக் கல்லில் பத்து விரலையும் வைத்துத் தேய் தேயென்று தேய்த்தான்.

இரண்டு கிழமை கழித்துப் போனபோது மெசின் சிவப்பாய்க்கூட எரியவில்லை. சும்மா இருந்தது. அந்தப் பெண் மெசினை அணைத்துப் போட்டாள், தன் விரலை வைத்துப் பார்த்தாள், பச்சை எரிந்தது. சோலைமலையின் கையைத் திருப்பிப் பார்த்தாள். உரித்த அவித்த முட்டை மாதிரி இருந்தது ஒவ்வொரு விரல் நுனியும்.

"இதுக்கு நீங்க விரல் கொண்டு வராமலே வந்திருக்கலாம்," என்றாள். "இன்னும் ஒரு சந்தர்ப்பம்தான். அதுலயும் விழலன்னா விண்ணப்பம் ரத்து."

வேறு வழியில்லாமல் நல்லெண்ணெய்தான். கையுறைதான். முதலாளியிடம் ஒரு மாதம் லீவு சொன்னான். முதலாளி ஒரு வார்த்தை முறுமுறுக்காமல் லீவு கொடுத்தார். சின்ன லொறியை அந்த ஒரு மாதமும் துஷாந்தே கூடுதலாக ஓட்டினான். அதுவும் சிரித்துக்கொண்டு ஓட்டினான். இருக்கட்டும், சிரிக்கட்டும், என்று பல்லைக் கடித்தான் சோலைமலை.

கையுறையோடு சோறு பிசைய முடியாது. தனுஜாதான் உருண்டை பிடித்து ஊட்டினாள். முதல் நாள் சிரித்துக்கொண்டு ஊட்டினாள். நாலாம் நாள் ஏசிக்கொண்டு ஊட்டினாள். பத்தாம் நாள் வேலை முடிந்து கொழுந்துக் கறை படிந்த கையோடு வந்து, "வாயத் தொறங்க" என்று ஒரே ஒரு வார்த்தை மட்டும் சொன்னாள். மூன்று வேளையும் வாசலில் பிள்ளைகள் கூடி வேடிக்கை பார்த்தன. சட்டைப் பொத்தான் போட, மூக்குச் சிந்த, பஸ்ஸுக்குச் சில்லறை எடுக்க, எல்லாவற்றுக்கும் ஒரு ஆள் வேண்டியிருந்தது.

"என்னங்க, ஒண்ணு கேக்குறேன்," என்றாள் ஒருநாள், கத்தரிக்காய்க் குழம்புச் சோற்றை உருட்டியபடி. "பாஸ் கெடச்சப்பறம் மத்தியானம் வீட்டுக்கு வருவீங்களா?"

"நான் என்ன சோத்துக்கா அலையிறேன்? மரியாதக்கி அலையிறேன்."

"அப்ப இந்தக் கடைசி உருண்டய நான் சாப்புடுறேன்," என்று அவள் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

மூன்றாம் தரம் மெசின் பச்சையாய் எரிந்தது. ஒன்பது விரலுக்குத்தான். பத்தாவதுக்கு அந்தப் பெண் இரக்கப்பட்டு இருபது தரம் அழுத்தி எடுத்தாள். பிறகு வகுப்பு. பீப்பாய் ஒழுகினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, "சாக்கு வச்சி அடச்சிட்டு ஓட்டிருவோம்" என்று எழுதி முதல் பரீட்சையில் தோற்றான். தொடக்கூடாது, காற்று வீசும் பக்கம் நிற்கக்கூடாது, மணியை அடிக்க வேண்டும் என்று இரண்டாவது பரீட்சையில் சரியாக எழுதினான். அதைச் சொல்லிக் கொடுத்ததும் துஷாந்த்தான். லயத்து வாசலில் இரண்டு ராத்திரி உட்கார்ந்து கேள்வி கேட்டான். இவ்வளவு தெரிந்தவனிடமிருந்து பறிக்கிறோம் என்று நினைக்க நினைக்கச் சோலைமலைக்கு இனித்தது.

ஐப்பசியில் பாஸ் வந்து சேர்ந்தது.

கடையில் வைத்துத்தான் கைமாற்றம். முதலாளி சாமிப் படத்துக்குச் சாம்பிராணி போட்டார். துஷாந்த் தன் பாஸைக் கழற்றினான். நாடா காதில் மாட்டி, மூக்கில் மாட்டி, ஒருவழியாக வெளியே வந்தது. அவன் கழுத்தைச் சுற்றி வெயில் படாத வெள்ளை வளையம் தெரிந்தது.

"பாத்துக்குங்கண்ணே," என்றான் கரகரத்த குரலில். அவன் தோள் குலுங்கியது. முகத்தைக் கையால் பொத்திக்கொண்டு கடைக்குப் பின்புறம் ஓடிவிட்டான்.

"பாவம், தாங்கிக்க முடியல," என்றார் முதலாளி.

சோலைமலை நீல நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நோர்வூட் கடைவீதியில் மேலிருந்து கீழ்வரை ஒரு நடை, கீழிருந்து மேல்வரை ஒரு நடை நடந்தான். பேக்கரிக்காரன் பார்த்தான். பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. கோயிலுக்குப் போனான். பூசாரி, "ஓ, நீங்களா இப்ப?" என்று கேட்டுவிட்டுத் திருநீறு கொடுத்தார். ராத்திரி படுக்கும்போதும் கழற்றவில்லை. அட்டையின் மூலை குத்தி இரண்டு தரம் விழித்துக்கொண்ட தனுஜா மூன்றாம் தரம் பாயை இழுத்துக்கொண்டு பிள்ளைகள் பக்கம் போய்விட்டாள்.

திங்கட்கிழமை முதல் பயணம். பெரிய லொறியை அவன் கிளப்பும்போது, துஷாந்த் சின்ன லொறியில் ஏறி உட்கார்ந்திருந்தான். வெறுங்கழுத்தோடு, பார்க்கவே பரிதாபமாக இருந்தான். சோலைமலை ஹோர்ன் இரண்டு தரம் கூடுதலாக அடித்தான்.

கினிகத்தேனை இறக்கத்தில் பாட்டுப் போட்டான். அவிசாவளையில் ஜன்னலை முழுக்கத் திறந்தான். கொழும்பு வந்ததும் சட்டையின் மேல் பொத்தான் இரண்டையும் திறந்தான். துறைமுகத்து வாயிலுக்கு முன்னால் லொறி வரிசை நின்றது. வரிசையின் தலையைத் தேடினான். தெரியவில்லை. மத்தியானம் நாலு லொறி நகர்ந்தது. சாயந்திரம் இரண்டு. ஆபத்தான சரக்கு வரிசையில் இன்ஜினை ஓடவிடக்கூடாது, லொறியை விட்டு ஆள் போகவும்கூடாது என்று அறிவித்தல் பலகை சொன்னது. மலையில் பிறந்த உடம்பு, வேர்வையில் கரைந்து சீட்டோடு ஒட்டிக்கொண்டது. ராத்திரி நுளம்புக் கடி. மறுநாளும் வெயில். கடலைக்காரனிடம் வாங்கிய கடலையும் தண்ணீர்ப் போத்தலும்தான் சோறு. மணி ஒன்றானபோது தனுஜாவின் கத்தரிக்காய்க் குழம்பு ஞாபகம் வந்தது. அதை உதறித் தள்ளிவிட்டு, நாடாவை ஒருமுறை நீவிவிட்டுக்கொண்டான். என்ன இருந்தாலும் மரியாதை மரியாதைதான்.

இரண்டாம் நாள் சாயந்திரம் ஒருவழியாக வாயிலுக்கு வந்து சேர்ந்தான். காவலுக்கு நின்றவர் நாவலப்பிட்டிப் பக்கத்து ஆள், வயதானவர். சோலைமலை நெஞ்சை நிமிர்த்தி, பாஸை அவர் மூக்குக்கு நேரே நீட்டினான். அவர் படத்தைப் பார்த்தார், இவன் முகத்தைப் பார்த்தார், லொறிக் கதவில் எழுதியிருந்த தம்பையா முதலாளியின் கடைப் பேரைப் பார்த்தார். அவர் முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

"அடடே, துஷாந்துக்கு விடுதல கெடச்சிருச்சா!" என்றார். "எவனாவது ஒருத்தன் பொறாமப்பட்டு வாங்கிக்குவான், வாங்கிக்குவான்னு சொல்லி, பாவம், அஞ்சு வருசமா இத ஊரெல்லாம் கழுத்துல தொங்கப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சாரு!"